சங்கத்தின் பெயர் யார் கையில்?



சென்ற மழைக்காலத்தில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தில்லியில் கட்டட வேலை செய்தவர். உடலை ஊருக்கு அனுப்பப் பணம் வேண்டும். வழக்கம்போல ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். மூன்றாவது சந்தில், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் ஓர் அக்கா, "நான் நேத்தே ஐந்நூறு ரூபா போன்ல அனுப்பிட்டேனே" என்றார்.

நம் சங்கம் போன் வழியாக யாரிடமும் பணம் கேட்கவில்லை. அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தோம். நம் சங்கத்தின் பெயர் இருந்தது. நம் கொடி இருந்தது. இறந்துபோன தோழரின் படமும், அதன் கீழே பணம் அனுப்புவதற்கான கியூ.ஆர். கோடும் இருந்தன. அந்தக் கணக்கை நடத்துவது யார் என்பது மட்டும் நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தால், நம் பகுதியிலேயே ஏழு குடும்பங்கள் அதற்குப் பணம் அனுப்பியிருந்தன.

அந்த அக்கா நம்மைப் பார்த்துக் கேட்டார்: "சங்கத்துப் பேருதானேண்ணே போட்டிருந்துச்சு? அது சங்கம் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அதன் பிறகு பலரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இது இளைஞர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய விஷயம் என்று பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

நம் தவறு

பிறரைக் குறை சொல்வதற்கு முன் நம் தவறை ஒப்புக்கொள்வோம். சங்கத்தின் பெயரில் சமூக ஊடகக் கணக்கு தொடங்க வேண்டும் என்று செயற்குழுவில் ஓர் இளந்தோழர் முதன்முதலில் சொன்னபோது நாம் சிரித்தோம். மாதப் பத்திரிகை இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது, இது எதற்கு என்று கேட்டோம்.

2020 மார்ச்சில் பயணிகள் ரயில்கள் நின்றன. நாடு முழுவதும் ஊரடங்கு. மே முதல் தேதி தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் புறப்படத் தொடங்கின. எந்த ரயில் எங்கிருந்து புறப்படும், யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்ற தகவல் அத்தனையும் கைபேசியில்தான் ஓடிற்று. நம் பத்திரிகையை அச்சடிக்கவே முடியவில்லை. அப்போதுதான் அவசர அவசரமாகக் கணக்குத் தொடங்க உட்கார்ந்தோம். சங்கத்தின் பெயரை அடித்தவுடன் திரையில் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

எடுத்தவர் வேறொரு நகரத்தில் படித்த ஒரு மாணவர். எப்போதோ மூன்று படங்களைப் போட்டுவிட்டுக் கணக்கை மறந்துவிட்டார். அவர் செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. தமிழ் என்பதும் சங்கம் என்பதும் எல்லோருக்கும் பொதுவான சொற்கள். நாம் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை.

நம் பையன்கள் என்ன செய்தார்கள்? பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்த்து ஒரு கணக்குத் தொடங்கினார்கள். அதன் கடவுச்சொல் ஒரு தம்பியின் போனில் இருந்தது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், போனும் தொலைந்தது. பிறகு இரண்டு அடிக்கோடு போட்டு இன்னொரு கணக்கு. நிர்வாகம் மாறியதும் புதிய செயலாளர் தில்லி என்ற சொல்லைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்று. பழைய இரண்டையும் யாரும் மூடவில்லை. இப்படி ஒரே சங்கத்துக்கு மூன்று வாசல் வைத்தோம். நான்காவது வாசலைத் திருடன் வைத்தபோது எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

2025 ஜூன் முதல் தேதி ஜங்புரா மதராசி முகாமை இடித்தார்கள். பாராபுலா வடிகால் ஓரத்தில், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், சுமார் 370 வீடுகள். தகுதிப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு நரேலாவில் வீடு, இல்லாதவர்களுக்குத் தெரு. அந்த வாரத்தில் ஊரிலிருந்து நமக்கு வந்த அழைப்புகளில் பாதிப்பேர் முதலில் கேட்டது இதுதான்: "உங்க கணக்கு எது? எதைப் பார்க்கணும்?" அன்றே நாம் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அதற்கு விலையாக ஏழு குடும்பங்களின் பணம் போயிற்று.

வண்டிப் பெயரும் வண்டி எண்ணும்

அக்காவின் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் தெரிய வேண்டும். சமூக ஊடகக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பெரிய எழுத்தில் மேலே தெரிவது காட்சிப்பெயர். அதைத் தமிழில் வைக்கலாம், நினைத்தபோது மாற்றலாம், ஆயிரம் பேர் ஒரே பெயரை வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள். அதன் கீழே சிறிய எழுத்தில், ஆங்கில எழுத்துகளில் இருப்பது பயனர்பெயர். அது ஒரு தளத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

ரயிலில் இருப்பது போலத்தான். புது தில்லியிலிருந்து நாம் ஏறும் வண்டியைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்கிறோம். அங்கிருந்து வருவதற்கும் அதே பெயர்தான். ஆனால் கவுண்டரில் இருப்பவர் டிக்கெட் போடுவது எண்ணைப் பார்த்து. சென்னையிலிருந்து வருவது 12621, இங்கிருந்து போவது 12622. எண் தவறினால் திசையே தவறிவிடும். போனிலும் பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாறாமல் சிறிய எழுத்தை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வேண்டும்.

சிறிய எழுத்திலும் கண்ணி உண்டு. ஆங்கிலத்தின் சிறிய 'எல்' எழுத்தும் பெரிய 'ஐ' எழுத்தும் கைபேசித் திரையில் பெரும்பாலும் ஒரே கோடாகத் தெரியும். பூஜ்யமும் 'ஓ' எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். ஓர் அடிக்கோட்டுக்கும் இரண்டு அடிக்கோட்டுக்கும் இடையே வித்தியாசம் காண நல்ல கண்ணாடி வேண்டும். நம் பையன்கள் போட்ட அடிக்கோடு திருடனுக்குத்தான் வசதியாகப் போயிற்று.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று இருக்கிறது. எக்ஸ் தளத்தில் பயனர்பெயருக்குப் பதினைந்து எழுத்து, இன்ஸ்டாகிராமில் முப்பது. இரண்டிலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போன்றவைதான் செல்லும். தமிழ் எழுத்து செல்லாது. நம் பெயரை நம் எழுத்தில் எழுதினால் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். ஆங்கில எழுத்தில் எழுதினாலோ தமிழ் என்ற ஒரு சொல்லையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். சங்கம் என்பதில் வரும் ககரத்துக்கு ஒருவர் 'ஜி' போடுகிறார், இன்னொருவர் 'கே' போடுகிறார். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசே 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணை போட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் எத்தனை எழுத்து என்று ஊரே சண்டை போட்டது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கமே முடிவு செய்ய முடியாததை நம் சங்கத்துப் பையன்கள் ஒரு மாலையில் முடிவு செய்தால் எப்படி இருக்கும்? நாம் ஓர் எழுத்துக்கூட்டலைப் பிடித்தால் மீதி அத்தனையும் வருகிறவனுக்குத் திறந்து கிடக்கிறது.

பதிவாளர் இல்லாத பதிவு

சங்கம் வைத்தவர்களுக்குப் பெயர்ச் சண்டை புதிதல்ல. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் ஏழாவது பிரிவு இதற்கு வழி சொல்லியிருந்தது. பதிவுக்கு வரும் சங்கத்தின் பெயர் ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயராகவே இருந்தாலும், பொதுமக்களையோ உறுப்பினர்களையோ ஏமாற்றக்கூடிய அளவுக்கு அதை ஒத்திருந்தாலும், பெயரை மாற்றிக்கொண்டு வா என்று பதிவாளர் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உழைப்பாளி மக்களின் சங்கங்கள் அந்த விதியின் கீழ்தான் பெயர் வைத்துக்கொண்டன.

பத்திரிகைக்கும் அப்படியே. 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தின் கீழ், ஒரே மொழியிலோ ஒரே மாநிலத்திலோ வெளிவரும் இன்னொரு பத்திரிகையின் பெயரை நாம் வைக்க முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரிகைப் பெயருக்குப் பதிவாளர் இருப்பது மாறவில்லை.

இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. கோப்பு நகரக் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. எழுதிவைத்த விதி இருந்தது. மறுத்தால் மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மேலே போய்க் கேட்க ஓர் இடம் இருந்தது.

சமூக ஊடகத்தில் பெயரைக் கொடுப்பது யார்? கம்பெனி. யாருக்குக் கொடுக்கும்? முதலில் வந்து அடித்தவருக்கு. அவர் யார், அந்தப் பெயரில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு சங்கம் நடக்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. அவர் கணக்கைப் போட்டுவிட்டு மறந்தாலும் பெயர் நமக்குத் தானாக வந்துவிடாது. நம்மைப் போல நடித்து ஏமாற்றுகிறார் என்று புகார் செய்யலாம். அதற்குப் படிவம் இருக்கிறது. ஆனால் ஏமாற்றாமல் சும்மா வைத்திருப்பவரிடமிருந்து பெயரைக் கேட்க வேண்டுமானால், கம்பெனிகள் மதிக்கும் சான்று வணிக முத்திரைப் பதிவுதான். இந்தியாவில் இணையவழி முத்திரை விண்ணப்பத்துக்கு ஒரு வகைக்கு 9,000 ரூபாய் கட்டணம். தனியாளுக்கும் சிறுதொழிலுக்கும் 4,500. வழக்கறிஞர் செலவு தனி. சோப்பு விற்பவருக்கு இது ஒரு செலவே இல்லை. மாதம் பத்து ரூபாய் சந்தா வாங்கும் சங்கத்துக்கு?

நீதிமன்றங்கள் இணையத்தில் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடவில்லை. 1999-இல் தில்லி உயர் நீதிமன்றம் யாகூ வழக்கில், புகழ்பெற்ற பெயரோடு இந்தியா என்ற சொல்லை ஒட்டி வைத்துக்கொண்ட இணைய முகவரிக்குத் தடை விதித்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம், சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில், இணைய முகவரிப் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. ஒருவர் உழைத்துச் சேர்த்த நற்பெயரில் இன்னொருவர் சரக்கு விற்கக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் அவை இரண்டும் கம்பெனிகள் தொடுத்த வழக்குகள் என்பதையும் கவனிக்க வேண்டும். நம்மைப் போன்றவர்கள் அந்தப் படிக்கட்டு ஏறுவதற்குள் பெயரும் போய்விடும், பணமும் போய்விடும்.

வரிசையும் கோட்டாவும்

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கவுண்டரில் வரிசை நிற்பவனுக்குத் தெரிந்த நியாயம். அந்த நியாயத்தையாவது கம்பெனிகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் வொர்திங் நகரில் ஒரு கார் ஓட்டுநர் பயிற்சியாளர். சசெக்ஸ் பகுதிக்காரர், தமக்குப் பிடித்த கால்பந்து அணியின் செல்லப்பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்து 'சசெக்ஸ் ராயல்' என்று இன்ஸ்டாகிராமில் வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் இளவரசர் ஹாரிக்கும் அவர் மனைவிக்கும் அதே பெயர் தேவைப்பட்டது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் பார்த்தால் அவருடைய பெயருக்கு முன்னும் பின்னும் அடிக்கோடு ஏறியிருந்தது. பெயர் அரண்மனைக்குப் போய்விட்டது. கணக்கு செயல்படாமல் இருந்தது என்பது கம்பெனி சொன்ன காரணம்.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஓவியக் கலைஞர் 'மெட்டாவெர்ஸ்' என்ற பெயரைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தார். 2021 அக்டோபர் கடைசியில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. சில நாட்களில் அந்தக் கலைஞரின் கணக்கு முடக்கப்பட்டது. வேறொருவர் போல நடிப்பதாக அவர் மேலேயே குற்றம். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று விசாரித்த பிறகுதான் டிசம்பரில் கணக்குத் திரும்பியது. தவறுதலாக நடந்துவிட்டது என்றார்கள்.

2023 ஜூலையில் ட்விட்டர் 'எக்ஸ்' ஆனது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு புகைப்படக்காரர் 2007 முதல் அந்த ஓரெழுத்தைப் பயனர்பெயராக வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டார்கள். ஈடாகப் பணம் தரவில்லை. கம்பெனியின் நினைவுப் பொருள்களும் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் தருவதாகச் சொன்னார்கள்.

நம் தில்லிக்காரர் ஒருவரின் கதையும் உண்டு. அது பயனர்பெயரைப் பற்றியதல்ல, இணைய முகவரியைப் பற்றியது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒன்று சேரக்கூடும் என்று கணித்து, ஒரு செயலி உருவாக்குநர் 2023-லேயே இரண்டையும் சேர்த்த முகவரியைப் பதிவு செய்துவைத்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் தம் மேல்படிப்புக்கான செலவைக் கொடுத்தால் தந்துவிடுவதாக அந்த முகவரியிலேயே கடிதம் எழுதிவைத்தார். ரிலையன்ஸ் மறுத்துவிட்டது. சட்ட நடவடிக்கை என்ற பேச்சு வந்ததும் அவர் முகவரியைக் கைமாற்றிவிட்டார். வாங்கிய துபாய்க் குழந்தைகள் இருவர் அதை இலவசமாகத் தர முன்வந்தார்கள். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். முந்திக்கொண்டால் போதும் என்று நினைத்தார். முந்திக்கொண்டது மட்டும் போதவில்லை.

ஆக வரிசை என்பது நமக்குத்தான். மேலே உள்ளவர்களுக்குக் கோட்டா இருக்கிறது. இப்போது அந்தக் கோட்டாவையும் விலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டெலிகிராம் பயனர்பெயர்கள் 2022 முதல் ஏலத்தில் விற்கப்படுகின்றன. எக்ஸ் நிறுவனம் 2025 அக்டோபரில், உரியவர் பயன்படுத்தாமல் விட்ட பெயர்களுக்குச் சந்தை ஒன்றை அறிவித்தது. மேல்நிலைச் சந்தாதாரர்கள் கேட்டுப் பெறலாம். அரிய பெயர்களுக்குத் தனி விலை. மக்கள் வைத்து, மக்கள் பழகி, மக்களால் மதிப்பேறிய பெயருக்கு விலை வைத்து வாங்கிக்கொள்வது அந்தப் பெயருக்காக எதுவும் செய்யாத கம்பெனி. நாம் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் பெயர் வாடகை வீடு என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும். எந்த நேரமும் காலி செய்யச் சொல்லலாம்.

பதவியின் பெயர், ஆளின் பெயர் அல்ல

நம் நகரத்திலேயே நடந்த இன்னொரு நிகழ்ச்சி சங்கங்களுக்கு மிகவும் பயன்படும். பிரதமர் அலுவலகம் 2012 ஜனவரியில் 'பி.எம்.ஓ. இந்தியா' என்ற பெயரில் ட்விட்டர் கணக்குத் தொடங்கியது. 2014 மே மாதம் ஆட்சி மாறும்போது அதைப் பின்தொடர்ந்தவர்கள் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். போகிற நிர்வாகம் கணக்கின் பெயரோடு ஆவணக் காப்பு என்ற சொல்லைச் சேர்த்து மாற்றியது. அரசு ஆவணத்தைப் பாதுகாப்பது அவர்கள் சொன்ன நோக்கம். வருகிற கட்சியோ, இது நாட்டின் சொத்து, போகும்போது எடுத்துக்கொண்டு போவதா என்று கண்டித்தது. முடிவில் பழைய பெயரே புதிய அரசின் கைக்கு வந்தது.

எந்தக் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதில் அடங்கிய கேள்வியைப் பாருங்கள். கணக்கு நாற்காலிக்குச் சொந்தமா, நாற்காலியில் உட்கார்ந்தவருக்குச் சொந்தமா? நாட்டின் தலைமை அலுவலகத்திலேயே இது எழுந்தது என்றால் நம் சங்கத்தில் எழாதா? நம் செயலாளர் மாறியபோது ரசீதுப் புத்தகம், முத்திரை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பொதுக்குழு முன்னிலையில் எண்ணிக் கொடுத்தோம். கணக்கின் கடவுச்சொல்லை யாரும் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. அது யாரோ ஒரு தம்பியின் சட்டைப்பையில் இருந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரைச் சங்கத்தின் சொத்தாக நாம் எண்ணவே இல்லை.

நாம் செய்ய வேண்டியது

செயற்குழு சென்ற மாதம் கூடி எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம். மற்றச் சங்கங்களும், ஊர் மன்றங்களும், சிறுகடை வைத்திருப்போரும் இவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்று, எடுக்கப்பட்ட பெயரைத் துரத்தக்கூடாது. அந்த மாணவரிடம் மரியாதையாகக் கேட்டோம். பதில் இல்லை என்றதும் விட்டுவிட்டோம். இடைத்தரகர் ஒருவர் பெயரை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். கொடுக்கவில்லை. பெயரை இப்படி விற்பதும் வாங்குவதும் பல தளங்களில் விதிக்கு விரோதம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்தாலும் கேட்க முடியாது. நம் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ கேட்கும் எவரும் நமக்குப் பெயர் வாங்கித் தர வந்தவர் அல்ல.

இரண்டு, அடிக்கோடும் புள்ளியும் சேர்த்து ஒத்த பெயர் வைக்கக்கூடாது. பெயரோடு பகுதியின் பெயரும் சங்கம் தொடங்கிய ஆண்டும் சேர்த்தால் வேறு யாருக்கும் பொருந்தாத பெயர் கிடைக்கும். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. படித்தவுடன் வாயால் சொல்ல முடிய வேண்டும், போனில் கேட்டு எழுத முடிய வேண்டும்.

மூன்று, எல்லாத் தளங்களிலும் ஒரே பெயர், ஒரே நாளில் எடுக்க வேண்டும். பயன்படுத்தாத தளத்திலும் எடுத்து வைக்க வேண்டும். நாம் எடுக்காத இடத்தில் வேறொருவர் நம் பெயரில் வந்து உட்காருவார். கடவுச்சொல் கிடைக்காத பழைய கணக்குகளை மூடும்படி கம்பெனிகளுக்கு எழுதியிருக்கிறோம்.

நான்கு, கணக்கு சங்கத்தின் கைபேசி எண்ணிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், தனியாள் எண்ணில் கூடாது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து இருப்பது போலக் கடவுச்சொல் இருவரிடம் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும் நாளில் அது பொதுக்குழுவில் ஒப்படைக்கப்பட்டு, மாற்றப்பட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் குறிக்கப்பட வேண்டும்.

ஐந்து, இதுதான் முக்கியம். சங்கம் எந்தச் சமூக ஊடகக் கணக்கின் வழியாகவும் பணம் கேட்காது. கேட்டால் அது நாம் அல்ல. நிதி வசூல் ரசீதுப் புத்தகத்தோடு நேரில்தான் நடக்கும். வெளியூர் உறுப்பினர்கள் இந்தப் பத்திரிகையில் அச்சான வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பலாம். நம் பயனர்பெயர் இனி ஒவ்வோர் இதழின் பின்னட்டையிலும் பெரிய எழுத்தில் வரும். போனில் பார்ப்பதை அச்சில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறு, ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய விவரத்தையும் அந்தப் பக்கத்தின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கணினி வழியாகப் பிறர் போல நடித்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். ஏழு குடும்பங்களில் ஐந்து பேர் நம்மிடம் சொல்லவே இல்லை. கணவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று இருந்துவிட்டார்கள். திருடனுக்கு அந்த வெட்கம்தான் முதலீடு.

நாம் கேட்க வேண்டியது

நாம் ஒழுங்காக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், இந்தியாவில் இயங்கும் ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும் என்கின்றன. அவர் தீர்க்காவிட்டால் மேல்முறையீடு செய்ய 2023-இல் மத்திய அரசு குழுக்களை அமைத்தது. மறுத்த முப்பது நாட்களுக்குள் போகலாம். இந்த வழி இருக்கிறது என்பதே நம் மக்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வோம், பயன்படுத்துவோம். இந்த வழியில் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

பதிவு பெற்ற சங்கத்தின் சான்றிதழை, வணிக முத்திரைக்குச் சமமான சான்றாகத் தளங்கள் ஏற்க வேண்டும். ஒருவரின் பெயரை எடுப்பதற்கு முன் அவருக்கு அறிவிப்பும் காரணமும் கெடுவும் தர வேண்டும், அவர் மாணவராக இருந்தாலும் சரி, கார் ஓட்டச் சொல்லித் தருபவராக இருந்தாலும் சரி. புகாரைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் வழி வேண்டும். பயனர்பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்கும் உரிமை வேண்டும். '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி முடியலாம் என்று ஏற்பாடு இருக்கும்போது, பயனர்பெயரில் மட்டும் முடியாது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஒத்த எழுத்து வைத்து ஏமாற்றுவார்கள் என்று சொல்வார்கள். ஆங்கில எழுத்தில் இப்போது நடப்பது அதுதானே?

இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் தயாரித்திருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் வாசிப்போம். தில்லியில் உள்ள மற்றத் தமிழ் அமைப்புகளும், பிற மொழிக்காரர்களின் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று அழைக்கிறோம். பெயரை இழந்தவர்கள் நாம் மட்டும் அல்ல.

கடைசியாக, அந்த அக்காவைப் பற்றி. 1930-க்கு அழைத்தோம், புகார் எண் கிடைத்தது, பணம் இன்னும் திரும்பவில்லை. நம் கவனக்குறைவால் நடந்ததற்குச் சங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்று முடிவு செய்து, ஏழு குடும்பங்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஐந்நூறு ரூபாயை அந்த அக்காவின் கையில் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

"இது அந்தத் தம்பிக்குன்னு குடுத்தது. அவரு நிதியிலேயே சேத்துக்குங்க. எனக்கு ரசீது மட்டும் போடுங்கண்ணே" என்றார்.

ரசீது போட்டுக் கொடுத்தோம். அவர் அதன் தலைப்பில் இருந்த சங்கத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். நம் பயனர்பெயர் இந்த இதழின் பின்னட்டையில் இருக்கிறது. நீங்களும் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.